ஈர நெல்லும் பழைய வேனும்

நெல் வாங்கப் போகிறவன் மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசக்கூடாது என்பார் என் அத்தா. களத்தில் குவித்திருந்தால் முழங்கை மறையும் வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். மூட்டையாக இருந்தால் குத்தூசியை அடிவயிற்றில் செருகி, வழியும் நெல்லை உள்ளங்கையில் ஏந்துவார். இரண்டு மணியைப் பல்லிடையே வைத்துக் கடிப்பார். கடக்கென்று முறிந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். இன்று நேரடிக் கொள்முதல் நிலையங்களில் கருவி வைத்து ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 விழுக்காடு என்பது வழக்கமான வரம்பு. மழை கெடுத்த ஆண்டுகளில் அதைத் தளர்த்தக் கோரி உழவர்கள் மன்றாடுவதும் நாம் அறிந்ததே. கருவி வந்தும் அத்தாவின் பாடம் பழையதாகவில்லை. மேலே தெரிவது சரக்கின் முகம்; சரக்கு அடியில் இருக்கிறது.

இந்தப் பாடத்தை வேன் வாங்கப் போன இடத்தில் நான் மறந்தேன். அந்த மறதிக்கு என் குடும்பம் கொடுத்த விலையையும், பின்னர் ஒரு பட்டறையில் அதே பாடத்தை நான் மீண்டும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். பழைய டீசல் வண்டி வாங்கும் எண்ணத்தில் இருக்கும் குடும்பத்தாருக்கும் ஜமாஅத்தாருக்கும் இது ஓரளவு பயன்படலாம்.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் படுகையில், தஞ்சாவூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பள்ளிவாசல், அதை ஒட்டிய மூன்று தெருக்கள், சுற்றிலும் வயல். இரவு ஒன்பது மணிக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டால் மறுநாள் விடியும் வரை எங்களுக்கு உலகத்தோடு தொடர்பில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது பெரும் அருள். ஆனால் அது ஆபத்து வேளைக்குரியது. சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் இரண்டு மூன்று நாள் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டியவர்கள், கண் அறுவை முடித்துத் திரும்பும் முதியவர்கள், பேறுகாலச் சோதனைக்குப் போகும் பெண்கள் ஆகியோருக்கு ஒரு வண்டி வேண்டும். அதனால்தான் 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் ஜமாஅத் ஒரு வேன் வாங்கத் தீர்மானித்தது. கணக்கு வாத்தியார் என்பதனால் என்னையும் பொறுப்பில் சேர்த்தார்கள்.

நான் என்ன செய்தேன்? கணக்கைப் பார்த்தேன். சென்னையில் ஒரு தரகர் காட்டிய வேன் 2013 மாடல். அதே பணத்துக்கு நம் பக்கத்தில் கிடைத்தவையெல்லாம் 2008, 2009. ஐந்தாண்டு இளமையான வண்டி அதே விலைக்குக் கிடைக்கிறதென்றால் அதை விடுவானேன்? புது வண்ணம், புது இருக்கை உறை, ஒரே உரிமையாளர், ஓடிய தூரமும் குறைவு. கரும்பலகையில் கணக்குப் போடுவதுபோலக் கூட்டத்தில் விளக்கினேன். அனைவரும் ஒப்பினர். வண்டியை வாங்கி வந்து பள்ளிவாசல் முன்னே நிறுத்தி ஃபாத்திஹா ஓதினோம்.

அந்த வேன் 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. ஏன் அத்தனை மலிவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெள்ளம் வடிந்து மூன்று மாதத்தில் சென்னையிலிருந்து மலிவாக வரும் வண்டியைக் கண்டு ஐயுறவும் தோன்றவில்லை. முதலாண்டு முழுவதும் விளக்கு எரியும், அணையும். இரண்டாமாண்டு ஸ்டார்ட்டர் மோட்டார், அதன்பின் ஆல்டர்னேட்டர், அதன்பின் ஒயரிங். ஒருநாள் மெக்கானிக் பின் இருக்கையைக் கழற்றியபோது, அடியில் தண்டவாளம் போன்ற இரும்புச் சட்டத்துக்குள் காய்ந்து கெட்டியான சேறு ஒரு பிடி கிடந்தது. நம் ஆற்று வண்டல் அன்று. வேற்றூர்க் கறுப்புச் சேறு.

அதற்குப் பிறகும் ஓட்டினோம். வேறு வழி இல்லை. 2019 மே மாதம், ரமலான். சஹருக்கு எழுந்த என் லாத்தாவுக்கு வாய் கோணிற்று, வலக்கை தொங்கிற்று. வீட்டு வாசலில் வேன் நிற்கிறது, ஓட்டுநர் பக்கத்துத் தெரு. ஆம்புலன்சுக்குச் சொல்லிக் காத்திருப்பதைவிட இதுவே விரைவு என்று ஏற்றினோம். வெண்ணாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் எதுவும் இல்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை, சாலையில் ஆளில்லை. கடைசியில் காய்கறி ஏற்றப் போன ஒரு ‘குட்டி யானை’யை மறித்து, சாக்குகளை விரித்து லாத்தாவைக் கிடத்திக்கொண்டு போனோம். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

மூளையில் ரத்தம் உறைந்து வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பார்கள். லாத்தாவுக்கு நோய் தூக்கத்தில் எந்த மணிக்குத் தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர் கையை எடுத்துக்கொண்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. லாத்தா உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். வலக்கை எழவில்லை. பேச்சு துண்டு துண்டாக வருகிறது. ‘நஸீபு தம்பி’ என்கிறார். அவர் மன்னித்துவிட்டார். ஆயினும் கணக்கு வாத்தியாருக்குத் தன் கணக்கு தெரியும் அல்லவா?

அடுத்த ஆண்டு அந்த வேனை விற்க முடிவு செய்தோம். ஒருவர் வந்து பார்த்தார். புறத்தோற்றம் இன்னும் கெடவில்லை. 1,20,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். முத்தவல்லிக்கு முகம் மலர்ந்தது. ஹஜ்ரத் மட்டும் என்னைப் பார்த்து, “சாரே, சேத்தைப் பத்திச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். சொன்னேன். வந்தவர் தேநீரைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார். வண்டி பழைய இரும்புக்கு 38,000 ரூபாய்க்குப் போயிற்று. அந்த 82,000 ரூபாய் நட்டத்தைப் பற்றி ஜமாஅத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் மிம்பரில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். நம்மில் பலரும் சிறுவயதிலேயே கேட்டதுதான். நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றான் வணிகன். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று உரைத்தார்கள். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வரும் இச்செய்தியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் என் அத்தாவின் முழங்கை நினைவுக்கு வந்தது. அவர் அந்தப் பழக்கத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதும் அன்றுதான் விளங்கிற்று. விற்கிறவன் ஈரத்தை மேலே வைக்க வேண்டும். வாங்குகிறவன் கையை உள்ளே விட வேண்டும். இரண்டும் கடமைகள். ஒருவன் தன் கடமையை விட்டான் என்பதற்காக மற்றவன் கடமை நீங்கிவிடாது.

நான்காண்டு வண்டியில்லாமல் போயிற்று. 2024 தை மாதம் மீண்டும் பேச்செடுத்தார்கள். அது செழிப்பான ஆண்டன்று. 2023 ஜூன் 12 இல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10 இல் மூடினார்கள். கடைமடைச் சம்பா கருகியதை நாடறியும். அந்த ஆண்டிலும் 5,80,000 ரூபாய் சேர்ந்தது. பாதிக்கு மேல் வளைகுடா நாடுகளில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளுடையது. இட்லி விற்கும் ஒரு மூதாட்டி நூறு ரூபாய்த் தாள்களாக 4,000 கொண்டுவந்து, எண்ணிப் பார்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். மறுபடியும் என்னைத்தான் பொறுப்பில் போட்டார்கள். ஒருமுறை தவறியவன் மறுமுறை விழிப்பாக இருப்பான் என்பது முத்தவல்லியின் வாதம். மறுத்துப் பார்த்தேன், லாத்தாதான் இடக்கையை அசைத்து, “நீயே போ” என்றார்.

முதலில் தஞ்சாவூரில் ஒரு பட்டறைக்குப் போனேன். நாற்பதாண்டுகளாக டீசல் வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரியவர் அவர். மெட்டாடர் காலத்திலிருந்து வருகிறவர். நேரே கேட்டேன்: “எந்த வருஷத்து வண்டி வாங்கினால் நம்பலாம்?”

அவர் சிரித்தார். “மாடலக் கேட்டு வண்டி வாங்குறது, பொறந்த தேதியக் கேட்டு மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாய். அதுவும் வேணும்தான். அது மட்டும் போதுமா?”

ஜெர்மனியில் வாகனச் சோதனை நிலையங்கள், எத்தனை ஆண்டு பழகிய எந்த வண்டி எவ்வளவு பழுதோடு வருகிறதென்று ஆண்டுதோறும் அறிக்கையே வெளியிடுகின்றன. நமக்கு அந்த அறிக்கையின் இடத்தில் இருப்பது இத்தகைய பட்டறைகளின் நினைவுதான். அன்று மாலை வரை அவரிடம் நான் கேட்டதைத் தொகுத்துச் சொல்கிறேன்.

ஆண்டு என்று நாம் ஒரு சொல்லில் சொல்வதில் மூன்று ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. வண்டி ஆலையை விட்டு வந்த ஆண்டு ஒன்று. பதிவான ஆண்டு ஒன்று. அது எந்தப் புகை விதிக்குக் கட்டுப்பட்டு உருவானது என்பது மூன்றாவது. தரகர் சொல்வது பெரும்பாலும் இரண்டாவதை. டிசம்பரில் உருவாகி, விற்பனைக்கூடத்தில் ஆறு மாதம் வெயிலில் நின்று, மறு ஜூனில் பதிவான வண்டி ‘ஓராண்டு இளையதாக’ விற்கப்படும். ஆர்.சி. புத்தகத்தில் உற்பத்தி மாதமும் ஆண்டும் தனியே இருக்கும். சேசிஸ் எண் 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது; அதில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். 2010 க்கு ஏ, 2011 க்கு பி என்று அந்த வரிசை போகும். ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகளை எண்ணோடு மயங்காதிருக்க விட்டுவிடுவார்கள். புத்தகமும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒத்துப் போகின்றனவா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆண்டுதான் டீசல் வண்டிக்கு உயிர்நாடி. பி.எஸ். 3 விதி நாடு முழுவதும் வந்தது 2010 இல். அதே 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பி.எஸ். 4 வந்துவிட்டது. மற்ற நாட்டுக்கெல்லாம் பி.எஸ். 4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1. அதற்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 29 இல், பழைய விதி வண்டிகளை அந்த நாளுக்குப் பிறகு விற்கலாகாதென்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கடைசி இரண்டு நாளில் தள்ளுபடி விலையில் அள்ளிக்கொண்டு போனார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. விதியோடு எரிபொருளும் மாறிற்று. பி.எஸ். 3 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம்; பி.எஸ். 4 இல் 50; பி.எஸ். 6 இல் 10.

இதனால் நமக்கென்ன? சென்னைக்கென்று நுட்பமாகச் செய்த வண்டியைக் கந்தகம் மிகுந்த டீசல் விற்ற ஊர்களில் ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருந்தால், அதன் புகைச் சுழற்சிக் குழாய்கள் கரியால் அடைபட்டிருக்கக்கூடும். பி.எஸ். 6 வண்டிகளிலோ பெரும்பாலும் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடிச் சூடேறும்போதுதான் அது தன்னைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் போய் நின்று, மறுபடி ஐந்து கிலோமீட்டர் வருகிற வண்டிக்கு அந்தச் சூடே ஏறாது. வடிகட்டி அடைபட்டால் செலவு பட்டறைக்காரர் கையில் இல்லை. கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

“புது விதி வந்த முதல் வருஷ வண்டிய வாங்காதீங்க. அந்த விதி போற கடைசி ரெண்டு மூணு வருஷ வண்டியத் தேடுங்க” என்றார் பெரியவர். முதலாண்டில் வடிவமைத்தவருக்கே குறை தெரியாது. வாங்கியவர்கள் ஓட்டித்தான் கண்டுபிடிக்கிறார்கள். கடைசி ஆண்டுகளில் குறைகள் களைந்திருக்கும்; உதிரிகள் கிராமத்துக் கடைவரை வந்திருக்கும். அவர் சொன்ன சான்று குவாலிஸ். 2000 முதல் ஐந்தாண்டுதான் இங்கே விற்றது. 2.4 லிட்டர் டீசல் என்ஜின், டர்போ கிடையாது, வேகமும் கிடையாது. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் முன்பே அடிபட்டுத் தேறி வந்த வண்டி என்பதால், இங்கே அதற்கு முதலாண்டுப் பிணி இல்லை. அதன் இடத்துக்கு 2005 இல் வந்த இன்னோவாவில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு கூடிய காமன் ரயில் என்ஜின். அதுவும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைத்துக் காட்டிற்று. ஆகவே மின்னணு வந்ததே கேடு என்பது பட்டறைச் சோம்பல் என்று அவரே ஒப்புக்கொண்டார். பேர் பெற்ற வண்டி என்பதும் முழுக் காப்பன்று. 2013 ஜூலையில், புகைச் சோதனை முறைகேட்டின் காரணமாக, 2005 முதல் 2013 வரை செய்த சுமார் 1,14,000 டவேரா வண்டிகளை அதன் கம்பெனியே திரும்ப அழைத்தது. எட்டாண்டு மாடல்களை அப்படியே மூடிய செய்தி அது.

ரியாத்திலிருந்து என் மருமகன் தொலைபேசியில், “மாமா, இங்கே ஹையேஸ் வேன் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடுது, அது மாதிரி பாருங்க” என்றான். 1967 இல் ஜப்பானில் பிறந்த அந்த வேன் அரபு நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் பேர்போனது உண்மைதான். ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு கண்ணாடி உடைந்தால் வாங்கக் கடையில்லை. நம்பகம் என்பது வண்டிக்குள் மட்டும் இருப்பதன்று; அதைச் சுற்றியுள்ள ஊரிலும் இருக்கிறது.

வரம்பின் மறுமுனையையும் கணக்கிட வேண்டியிருந்தது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு. அதற்குமேல் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் கார் வகைக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. பசுமை வரி வேறு. 2010 க்கு முந்திய வண்டி எத்தனை திடமாக இருந்தாலும் எங்களிடம் ஓடும் காலம் குறைவு. ஆக, எங்கள் சாலைக்கும் எங்கள் பணத்துக்கும் ஏற்ற விடை இதுவாயிற்று: 2012 முதல் 2016 வரை உருவான பி.எஸ். 3 டீசல் வண்டி, நம் பகுதியிலேயே ஓடியது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுகிறவர்க்கு இந்த விடை பொருந்தாது, அவர்களுக்குப் பி.எஸ். 4 இன் கடைசி ஆண்டுகளோ, அதற்குப் பிந்தியவையோ ஏற்றதாகலாம். இந்தக் கணக்குக்கு எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது.

பிறகு மூன்று வண்டிகள் பார்த்தோம்.

முதலாவது கும்பகோணத்துப் பதிவு, டி.என். 68. பின் ஆண்டு மாடல்தான்; 48,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகக் காட்டிய எண்மானி என் கூட்டாளிகளை மயக்கிற்று. பெரியவர் எண்மானியைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளட்ச் மிதியைப் பார்த்தார். ரப்பரின் வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. ஸ்டீரிங்கின் தோலும் அப்படியே. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. நான்கு டயரும் வண்டி பிறந்த பின் மாற்றியவை. 48,000 கிலோமீட்டருக்குள் நான்கு டயரையும் மாற்றியவர் யார்? எண்ணைப் பின்னோக்கித் திருப்பியிருந்தார்கள். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயம் படியையும் தராசையும் பற்றியது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கிலோமீட்டரும் ஓர் அளவுதானே!

இரண்டாவது கடலோரத்தில் நின்றது, டி.என். 51. விற்பவர் நல்லவர், எதையும் மறைக்கவில்லை. மறைக்க அவருக்கே தெரிந்திருக்கவில்லை. தரையில் சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தால் சட்டத்தின் மூலைகள் உப்புக்காற்றில் பொரிந்து, திருப்புளி முனையால் குத்தினால் உதிர்ந்தன. என்ஜினைத் திருத்தலாம்; எலும்பு உளுத்தால் என் செய்வது? அவருக்கு அதைக் காட்டிவிட்டு வந்தோம். பாவம், முகம் வாடிவிட்டது.

மூன்றாவது மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர், டி.என். 50. பன்னிரண்டு இருக்கை வேன், 2014 மாடல். முன் கண்ணாடிக்குமேல் வேளாங்கண்ணி மாதா படம். உரிமையாளரே ஓட்டுநர். திருமணத்துக்கும், வேளாங்கண்ணி நாகூர் பயணங்களுக்கும் ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். முழங்கால் வலியால் விற்கிறார். எண்மானி 2,86,000 காட்டிற்று. என் கூட்டாளி ஒருவர் திரும்பிப் போகலாம் என்று கண்ணைக் காட்டினார்.

பெரியவர் சொன்னபடி விடியற்காலை ஐந்தரைக்கே போயிருந்தோம், அவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்த டீசல் என்ஜின் பொய் சொல்லும். குளிர்ந்த என்ஜின் சொல்லாது. என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. இரண்டாம் திருப்பில் கிளம்பிற்று. கொஞ்சம் வெண்புகை வந்து நின்றுவிட்டது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது; கரும்புகை நீடித்தால் டீசல் சரியாக எரியவில்லை; இரண்டும் இல்லை. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன்மேல் கையைப் பிடித்தார் பெரியவர். உள்ளிருந்து பலமாக ஊதினால் பிஸ்டன் வளையம் தேய்ந்ததென்று பொருள். மெல்லிய மூச்சுதான் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, துணியில் நீர்க்கறை இருக்கிறதா என்று நான் பார்த்தேன். பின் இருக்கையின் அடியில் கையை விட்டு, அந்த இரும்புச் சட்டத்துக்குள் விரலால் துழாவினேன். வைக்கோல் தூசி வந்தது. சேறில்லை.

இத்தனையையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உரிமையாளர் எழுந்து வந்தார்.

“பாய், நீங்க பாத்தது சரி. பாக்காததயும் சொல்லிடுறேன். குளிர்ல ரெண்டாவது கியர் உறுமும். கஜா புயல்ல தென்னை விழுந்து கூரை நசுங்கிச்சு, டிங்கர் வேலை பாத்திருக்கு. பெருமழையில கடைசி சீட்டுக்கு மேல ஒழுகும். பின்னாடி இடது பக்கம் பட்டை மாத்தினது. கடைசி சீட்டுக்கு ஏசி எட்டாது. நோயாளிய ஏத்தப் போறீங்கன்னு சொன்னீங்க. தெரியாம வாங்கிட்டு ராத்திரியில நிக்கக் கூடாது.”

கடைசி வாக்கியத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. 2018 நவம்பர் 16 விடியலில் அடித்த கஜா எங்கள் மாவட்டங்களில் எத்தனையோ தென்னைகளைச் சாய்த்தது. அவற்றில் ஒன்று விழுந்த கூரையைக் காட்டி ஒரு மனிதர் விலையைத் தாமே குறைத்துக்கொள்கிறார். ஈரத்தை மேலே எடுத்து வைத்துவிட்டார். பெட்டியிலிருந்து சர்வீஸ் ரசீதுக் கட்டையும் கொண்டுவந்தார். 2,86,000 என்ற எண்ணுக்கு அந்த ரசீதுகள் வரிசையாகச் சாட்சி சொல்லின. ஒளித்து வைத்த 48,000 ஐவிட ஒப்புக்கொண்ட 2,86,000 எவ்வளவு சிறிய எண்!

கைப்பேசியில் பதிவு விவரத்தைச் சரிபார்த்தோம். நிதி நிறுவனக் கடன் தீர்ந்து ஆர்.சி.யில் நீக்கம் பதிவாகியிருந்தது. 5,10,000 ரூபாய்க்கு முடிந்தது. மிச்சம் 70,000 இல் டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், ஆயில், ஒழுகும் இடத்துக்கு அடைப்பு. டைமிங் பெல்ட்டை ‘போன மாதந்தான் மாற்றினேன்’ என்று யார் சொன்னாலும், ரசீதில்லாவிட்டால் மாற்றிவிடுவதே அறிவு. அது அறுந்தால் என்ஜினையே கெடுத்துவிடும்.

வண்டி ஊருக்கு வந்த அன்று லாத்தாவை நாற்காலியோடு வாசலுக்குக் கொண்டுவந்தோம். நெடுநேரம் பார்த்தார். “எந்த வருஷம்?” என்றார் மெல்ல. “2014, லாத்தா.” அவர் இடக்கையை நீட்டினார். பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனேன். பின்கதவின் கீழே, இருக்கைச் சட்டத்துக்குள், அவரும் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். நெல் வணிகரின் மூத்த மகள் அல்லவா?

இப்போது அந்த வேன் வாரத்தில் ஆறு நாள் தஞ்சாவூர் போய் வருகிறது. ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் ஐந்து பேர். அவர்களில் இருவர் அக்ரகாரத்துக்கு அப்பாலிருந்து வருகிறார்கள். குளிர்காலக் காலையில் இரண்டாம் கியர் உறுமத்தான் செய்கிறது.

பள்ளிவாசல் கணக்குப் புத்தகத்தில், வேனின் விலையை எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அவர் சொன்ன குறைகளை ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதன்பின் நாங்கள் கண்ட இன்னொன்றையும் சேர்த்திருக்கிறேன். ஒருநாள் ஜமாஅத் இந்த வண்டியையும் விற்கும். அன்று நான் இருப்பேனோ மாட்டேனோ, வாங்க வருகிறவருக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று கீழே கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் உண்மையைத் தந்து, அதன்வழி பரக்கத்தையும் தருவானாக.